துண்டு போட்டு இடம் பிடிக்கும் ஒரு சொல்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில் ‘தேர்’ என்னும் சொல். வடம் பிடித்து இழுக்கும் நம் ஊர்த் தேர் அல்ல. டி, எச், இ, ஆர், இ என்று ஐந்து எழுத்தில் எழுதுகிறோமே, அந்தத் ‘தேர்’. தொடக்க வகுப்பிலேயே குழந்தைக்கு அறிமுகமாகிவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிறகும் பலருக்குப் பிடிபடாமலே இருக்கிறது. இத்தனை சின்னச் சொல்லுக்கு ஒரு உரையா என்று தோன்றலாம். கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதுகிறேன். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

“தேர் இஸ் எ ட்ரீ ஹியர்.”

இதைத் தமிழில் சொல்லுங்கள். எல்லோரும் “இங்கே ஒரு மரம் இருக்கிறது” என்று சொல்லிவிட்டீர்கள். சரியான விடை. ‘ஹியர்’ என்றால் இங்கே. அப்படியானால் முன்னால் நிற்கும் ‘தேர்’ எங்கே போயிற்று? ‘தேர் என்றால் அங்கே’ என்றுதானே சொற்பட்டியலில் எழுதி, வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்? “அங்கே இங்கே ஒரு மரம் இருக்கிறது” என்று இந்த அறையில் யாருமே சொல்லவில்லை. எதை விட்டுவிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சுவரில் ஒட்டியதை நம்பிப் படிக்கும் குழந்தைக்கு அது தெரியாது.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “தேர் இஸ் எ வெல் இன் மை வில்லேஜ்” என்ற வரியைப் படித்துவிட்டு எழுந்து கேட்டாள்: “டீச்சர், ‘என் ஊரில்’னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு ‘அங்கே’? சொந்த ஊர்னா ‘இங்கே’ன்னுதானே வரணும்?” வகுப்பு சிரித்தது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளில் அதைவிட நல்ல கேள்வி வேறு இல்லை. இலக்கண அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் ஒரு சிக்கலை அவள் ஒரே வரியில் தொட்டுவிட்டாள்.

“அது அப்படித்தான், மனப்பாடம் செய்” என்று பதில் சொன்னால் அவள் உட்கார்ந்துவிடுவாள். அடுத்த முறை எழுந்திருக்கமாட்டாள். நம் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஆங்கிலம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. நாம் சொல்வதுதான் அவர்களுக்கு முதலும் முடிவுமான விளக்கம். ஆகவே அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் நம் கையில் இருந்தாக வேண்டும். அந்தப் பதில் குழந்தையின் தமிழுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது.

விரல் நீட்டும் ‘தேர்’

முதலில் சிக்கலில்லாத ‘தேர்’. “புட் த பேக் தேர்” என்றால் “பையை அங்கே வை”. சொல்பவர் விரலை நீட்டுவார். அல்லது எந்த இடம் என்பது இருவருக்கும் முன்பே தெரிந்திருக்கும். இதுதான் இடத்தைக் குறிக்கும் வினையடை. ‘எங்கே?’ என்று கேட்டால் விடையாக வந்து நிற்கும்.

இதைக் கற்பிக்க நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தமிழில் இ, அ என்று சுட்டெழுத்துகள். எ என்று வினா எழுத்து. இங்கே, அங்கே, எங்கே. ஆங்கிலத்திலும் அதே அமைப்பு: ஹியர், தேர், வேர். மூன்றையும் ஒரே நாளில், ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கற்பித்தால் குழந்தை ஒரு குடும்பத்தையே தெரிந்துகொள்ளும். ‘தட், வாட்’ என்பதை ‘அது, எது’ என்பதோடும், ‘தென், வென்’ என்பதை ‘அப்போது, எப்போது’ என்பதோடும் வைத்துக் காட்டலாம். டி-எச்சில் தொடங்குபவை நம் அகரச் சுட்டைப் போல. டபிள்யூ-எச்சில் தொடங்குபவை நம் எகர வினாவைப் போல.

எழுத்துக்கூட்டலுக்கும் இதே குடும்பம் உதவும். ‘ஹியர்’ என்பதன் நான்கு எழுத்துகள் எச், இ, ஆர், இ. அதன் முன்னால் டி சேர்த்தால் ‘தேர்’. டபிள்யூ சேர்த்தால் ‘வேர்’. இடம் சொல்லும் மூன்றுக்குள்ளும் ‘ஹியர்’ ஒளிந்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்ட பிள்ளை, ‘அவர்களுடைய’ என்று பொருள்படும், ஒரே மாதிரி ஒலிக்கும் இன்னொரு சொல்லோடு இதைக் குழப்பமாட்டாள். அந்தச் சொல்லின் எழுத்து டி, எச், இ, ஐ, ஆர். அதற்குள் ‘ஹியர்’ இல்லை; ஆகவே அது இடம் சொல்லாது.

உச்சரிப்புக்கும் நம்மிடம் வழி இருக்கிறது. ‘தந்தை’ என்பதன் முதல் எழுத்தைப் போல வன்மையாகத் தொடங்கினால் ‘தேர்’ சரியாக ஒலிக்காது. ‘அது’ என்று சொல்லும்போது நடுவில் மென்மையாக வருகிறதே, ஏறக்குறைய அந்த ஒலிதான் வேண்டும். “‘அது’ன்னு சொல்லு, இப்போ ‘அ’வை விட்டுட்டுச் சொல்லு” என்று இரண்டு முறை செய்ய வைத்தால் போதும்.

பழந்தமிழில் மூன்றாவதாக ‘உ’ என்ற சுட்டும் இருந்தது. தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டாகச் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் இந்த உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழில் ‘உது’, ‘உவன்’, ‘உங்கை’ என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்திலும் ‘யாண்டர்’ என்று மூன்றாவது ஓர் இடச்சொல் உண்டு. கண்ணுக்கு எட்டிய தொலைவில் இருப்பதைச் சுட்டும் அந்தச் சொல் இப்போது பெரும்பாலும் கதைகளிலும் கவிதைகளிலும்தான் தென்படுகிறது. இரு மொழிகளும் மூன்றாக இருந்த சுட்டை இரண்டாகச் சுருக்கிக்கொண்டிருக்கின்றன. உயர்நிலை வகுப்புகளில் இதைச் சொன்னால் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து நடத்தலாம்.

துண்டு போடும் ‘தேர்’

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம்.

திருவிழா நாளில் பேருந்து நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். பேருந்து வந்து நிற்பதற்குள் ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிடுவார். அந்த இருக்கை பிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் துண்டு பயணியா? இல்லை. உண்மையான பயணி பின்னால் ஏறி வருவார். அவருக்காக இடம் காத்து வைப்பதுதான் துண்டின் வேலை.

“தேர் இஸ் எ வெல் இன் மை வில்லேஜ்” என்பதில் உள்ள ‘தேர்’ அந்தத் துண்டுதான். ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல்லுக்கு முன்னால் ஓர் இருக்கை உண்டு, எழுவாய்க்கான இருக்கை. சாதாரண வாக்கியத்தில் அதைக் காலியாக விட முடியாது. தமிழில் “மழை பெய்கிறது”, “மணி ஐந்து” என்று சொன்னால் முடிந்தது. “சாப்பிட்டாச்சா?” என்பதில் எழுவாயே இல்லை, யாருக்கும் குறையாகவும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அப்படி விட்டால் வாக்கியம் நிற்காது. மழைக்கும் மணிக்கும் ‘இட்’ என்ற துண்டைப் போடுகிறார்கள்: “இட் இஸ் ரெய்னிங்”, “இட் இஸ் ஃபைவ் ஓ க்ளாக்”. ஒன்று இருக்கிறது என்று சொல்லும்போது ‘தேர்’ என்ற துண்டைப் போடுகிறார்கள். கிணறு என்னும் பயணி பின்னால் வருகிறார்.

இந்த உவமை இலக்கணத்துக்கும் பொருந்தி வருகிறது. கண்டக்டர் துண்டுக்கு டிக்கெட் கொடுப்பதில்லை. வந்து உட்காரும் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார். வினைச்சொல்லும் அப்படியே. “தேர் இஸ் எ புக்”, “தேர் ஆர் டூ புக்ஸ்”. துண்டு மாறவில்லை, வருபவர் ஒருவரா இருவரா என்று பார்த்து ‘இஸ்’, ‘ஆர்’ மாறுகிறது. கேள்வி கேட்கும்போது துண்டு எழுவாயைப் போலவே இடம் மாறும்: “இஸ் தேர் எ பஸ்?” இதனால்தான் இலக்கண நூல்கள் இதை ‘டம்மி சப்ஜெக்ட்’, அதாவது பெயருக்கு எழுவாய் என்கின்றன.

இடச்சொல் ஒன்று இடப்பொருளை இழந்து, வெறும் இருப்பைச் சொல்ல வருவது விநோதமா? நம் ‘இரு’ என்ற சொல்லையே பாருங்கள். “கொஞ்ச நேரம் இருங்கள்” என்றால் தங்குங்கள், உட்காருங்கள் என்று பொருள். ‘இருக்கை’ என்பதும் அதிலிருந்து வந்ததே. ஆனால் “தலைவலி இருக்கிறது” என்று சொல்லும்போது தலைவலி எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சொல்லின் பழைய பொருள் தேய்ந்து, இருப்பு மட்டும் மிஞ்சிவிட்டது. பிரெஞ்சு மொழியில் ‘இருக்கிறது’ என்று சொல்ல ‘இல் இ ஆ’ என்பார்கள். நடுவில் உள்ள ‘இ’ என்ற சொல்லுக்கு அங்கே என்றுதான் பொருள். ஆங்கிலம் தனியாக ஒன்றும் செய்துவிடவில்லை.

இரண்டு ‘தேர்’களையும் பிரித்தறிய மூன்று சோதனைகள் போதும். ஒன்று, விரல் சோதனை: அந்தச் சொல்லைச் சொல்லும்போது விரல் நீட்ட முடிகிறதா? முடிந்தால் அங்கே, முடியாவிட்டால் துண்டு. இரண்டு, ‘ஹியர்’ சோதனை: வாக்கியத்தின் கடைசியில் ‘ஹியர்’ சேர்த்தாலும் முரண்படாமல் நின்றால் முன்னால் இருப்பது துண்டு. நாம் தொடக்கத்தில் பார்த்த மரம் அப்படித்தான். மூன்று, காது சோதனை: “தேர்ஸ் எ பஸ் தேர்” என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘தேர்’ ஓசை குறைந்து வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாவது அழுத்தமாக நிற்கும். துண்டை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

ஒரு ஊர்ல ஒரு ராஜா

இந்தத் துண்டை எப்போது போட வேண்டும்? இங்கேதான் குழந்தையின் தமிழ் நமக்குப் பெரிதும் கைகொடுக்கிறது.

“சாவி மேசைமேல் இருக்கிறது.” “மேசைமேல் ஒரு சாவி இருக்கிறது.” இரண்டும் ஒன்றா? இல்லை. முதலாவது, சாவியைத் தேடிக்கொண்டிருப்பவருக்குச் சொல்லும் பதில். எந்தச் சாவி என்பது இருவருக்கும் தெரியும். இடம்தான் புதிய செய்தி. இரண்டாவதில் சாவியே புதிய செய்தி. தமிழ் இந்த வேறுபாட்டைச் சொல்வரிசையை மாற்றியும் ‘ஒரு’ சேர்த்தும் காட்டிவிடுகிறது. நான்கு வயதுக் குழந்தைகூட இதைத் தவறில்லாமல் செய்யும்.

ஆங்கிலம் இதே வேறுபாட்டைத் துண்டை வைத்துக் காட்டுகிறது. “த கீ இஸ் ஆன் த டேபிள்” என்பது முதலாவது. “தேர் இஸ் எ கீ ஆன் த டேபிள்” என்பது இரண்டாவது. தெரிந்த பொருள் நேராக முன் இருக்கையில் உட்காரும். புதிதாக வரும் பொருளுக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டும்.

பாட்டி சொல்லும் கதை எப்படித் தொடங்கும்? “ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு...” முதல் வரியில் ராஜா புதியவர், அடுத்த வரியில் அவர் தெரிந்தவர். ஆங்கிலக் கதையிலும் முதல் வரியில் “தேர் வாஸ் எ கிங்”. அடுத்த வரியில் ‘த கிங்’ அல்லது ‘ஹி’. துண்டு ஒருமுறைதான். ராஜா உட்கார்ந்த பிறகும் அதே இருக்கையில் துண்டு போடுவதில்லை. “தேர் இஸ் எ வெல். இட் இஸ் டீப்” என்று இரண்டு வரியாக எழுதப் பழக்கினால், பத்தி எழுதும் பயிற்சியும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்த மாணவிக்கு இதைத்தான் சொன்னேன்: “ஊர் உன்னுடையதுதான். ஆனா கிணறு, கேட்கிறவங்களுக்குப் புதுசு. அதுக்காகத் துண்டு போட்டிருக்காங்க. அங்கேன்னு அர்த்தம் இல்லை.”

லீவு இஸ் தேர்

குழந்தைகள் துண்டை ‘அங்கே’ என்று மொழிபெயர்க்கிறார்கள். பெரியவர்களாகிய நாம் இதன் மறுபக்கத்தைச் செய்கிறோம்.

“டுமாரோ லீவ் இஸ் தேர்?” “டுடே மீட்டிங் இஸ் தேர்.” “வாட்டர் இஸ் நாட் தேர்.” பள்ளி வளாகங்களில் கேட்காத நாளில்லை. நாளை லீவு இருக்கிறதா, இன்று கூட்டம் இருக்கிறது, தண்ணீர் இல்லை என்று தமிழில் நினைக்கிறோம். ‘இருக்கிறது’ என்பது தமிழில் கடைசியில் வருவதால் ‘இஸ் தேர்’ என்று ஆங்கிலத்திலும் கடைசியில் வைத்துவிடுகிறோம். பயணி ஏறி உட்கார்ந்த பிறகு துண்டைப் பின்னால் இருந்து வீசுவது போல. “இஸ் தேர் எ ஹாலிடே டுமாரோ?”, “தேர் இஸ் எ மீட்டிங் டுடே”, “தேர் இஸ் நோ வாட்டர்” என்று துண்டை முன்னால் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

இதைவிடச் சுவையானது ஒன்று. தலைமையாசிரியரைத் தேடி ஒரு பெற்றோர் வருகிறார். அலுவலக வாசலில் நிற்பவர் சொல்கிறார்: “எச்.எம். இஸ் நாட் தேர்.” தான் நிற்கும் இடத்திலேயே இல்லாத ஒருவரை ‘அங்கே இல்லை’ என்கிறார். “எச்.எம். இல்லை” என்பதை ஆங்கிலமாக்கும்போது “எச்.எம். இஸ் நாட்” என்று நிறுத்த முடியாததால் ‘தேர்’ ஒட்டிக்கொள்கிறது. நமக்குள் பேசும்போது இது எல்லோருக்கும் புரியும். யாரையும் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் வகுப்பறையில் கற்பிக்கும்போது “எச்.எம். இஸ் நாட் ஹியர்” அல்லது “எச்.எம். இஸ் நாட் இன்” என்று சொல்லிக் கொடுப்பதே முறை.

ஆகவே ‘இருக்கிறது’ என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று வழிகள் உண்டு என்று குழந்தைக்குக் காட்டிவிடலாம். தெரிந்த பொருள் எங்கே என்று சொன்னால் ‘இஸ்’: த கீ இஸ் ஆன் த டேபிள். புதிய பொருள் ஒன்று உண்டு என்று சொன்னால் ‘தேர் இஸ்’. ‘எனக்கு’, ‘அவளுக்கு’ என்று உரியவரைச் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’: “எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்” என்பது “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்”. தமிழ் வாக்கியத்தைப் பார்த்து, இது எந்த வழி என்று கண்டுபிடிக்கச் செய்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

‘டு’ கேட்காத சொற்கள்

“கம் டு ஹியர்”, “ஐ வென்ட் டு தேர்” என்று பிள்ளைகள் எழுதுவதைத் திருத்தித் திருத்திச் சிவப்பு மை தீர்ந்திருக்கும். இதற்கு விதியைத் தேடி வெளியே போக வேண்டாம். “பள்ளிக்குப் போ” என்கிறோம். அங்கே ‘கு’ இருக்கிறது. அதனால் “கோ டு ஸ்கூல்”. ஆனால் “இங்கே வா”, “அங்கே போ” என்பவற்றில் ‘கு’ எங்கே? “இங்கேக்கு வா” என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ஆங்கிலத்திலும் ‘டு’ இல்லை. மேலே வா, கீழே போ, உள்ளே வா, வெளியே போ, எதிலும் ‘கு’ இல்லை. அதேபோல் கம் அப், கோ டவுன், கம் இன், கோ அவுட் எதிலும் ‘டு’ இல்லை. இந்தப் பட்டியலை மாணவர்களே சொல்லி, அவர்களே விதியைக் கண்டுபிடிக்கும்படி செய்யுங்கள்.

இரு மொழிகளும் பிரியும் இடங்கள் சில உண்டு. வீட்டுக்கு, வெளிநாட்டுக்கு, மாடிக்கு என்று தமிழில் ‘கு’ வரும். ஆனால் “கோ ஹோம்”, “கோ அப்ராட்”, “கோ அப்ஸ்டேர்ஸ்” என்பவற்றில் ‘டு’ வராது. அங்கே இவை பெயர்ச்சொற்களாக அல்லாமல் ‘ஹியர்’, ‘தேர்’ போல வினையடைகளாக நிற்கின்றன. “கம் டு மை ஹோம்” என்று உரியவரைச் சேர்த்தால் ‘ஹோம்’ மீண்டும் பெயர்ச்சொல்லாகி ‘டு’ பெறும். முதலில் இந்த மூன்றை மட்டும் தனியாகப் பயிற்சி கொடுத்தால் போதும்.

இதற்குப் பின்னால் சின்ன வரலாறு இருக்கிறது. முன்பு ஆங்கிலத்தில் இருக்கும் இடத்துக்கு ‘ஹியர்’, ‘தேர்’ என்றும், போய்ச்சேரும் திசைக்கு ‘ஹிதர்’, ‘திதர்’ என்றும், புறப்படும் இடத்துக்கு ‘ஹென்ஸ்’, ‘தென்ஸ்’ என்றும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. திசைச் சொற்கள் வழக்கொழிந்தபோது அந்த வேலையை ‘ஹியர்’, ‘தேர்’ அப்படியே ஏற்றுக்கொண்டன, ‘டு’ தேவைப்படவில்லை. புறப்படும் இடத்தைச் சொல்ல மட்டும் ‘ஃப்ரம்’ துணைக்கு வந்தது: ஃப்ரம் ஹியர், ஃப்ரம் தேர். தமிழிலும் ‘இங்கேயிருந்து’, ‘அங்கேயிருந்து’ என்றுதானே சொல்கிறோம்? இரண்டும் ஒத்துப்போகின்றன.

அதோ, இதோ, இந்தா

இன்னும் ஒன்று பாக்கி. “ஹியர் கம்ஸ் த பஸ்” என்பதை “இங்கே பேருந்து வருகிறது” என்று மொழிபெயர்த்தால் சாறு போய்விடும். “இதோ பஸ் வந்துடுச்சு” என்பதுதான் அது. “தேர் கோஸ் த பெல்” என்றால் “அதோ, மணி அடிச்சாச்சு”. புத்தகத்தை நீட்டியபடி “ஹியர் யூ ஆர்” என்றால் “இந்தா”. பெரியவர்களிடம் என்றால் “இந்தாங்க”. அழும் குழந்தையின் முதுகைத் தட்டி “தேர், தேர்” என்றால் “சரி, சரி, அழாதே”.

ஆங்கிலம் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு செய்யும் வேலைக்கு நம்மிடம் இங்கே, இதோ, இந்தா, அங்கே, அதோ என்று தனித்தனிச் சொற்கள் உள்ளன. இந்த விஷயத்தில் குழந்தையின் தமிழ் ஆங்கிலத்தைவிட நுட்பமானது. அதை அந்தக் குழந்தை அறிந்துகொள்வது நல்லது. ஒரே ஒரு விதியை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: பெயர்ச்சொல் வந்தால் “ஹியர் கம்ஸ் த பஸ்”, ‘இட்’, ‘ஹி’, ‘ஷி’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் “ஹியர் இட் கம்ஸ்”.

வகுப்பறையில்

செய்து பார்க்க ஒரு விளையாட்டு. செலவில்லாத துணைக்கருவி, ஒரு நாற்காலி, ஒரு துண்டு, மூன்று அட்டைகள். துண்டின்மேல் ‘தேர்’ என்ற அட்டையைக் குத்தி நாற்காலியில் போடுங்கள். ஒரு மாணவர் கண்டக்டர்; அவர் கையில் ‘இஸ்’, ‘ஆர்’ என்று இரண்டு அட்டைகள். பொருள்களின் பெயர் தாங்கிய பிள்ளைகள் பயணிகள். ஒருவர் வந்தால் கண்டக்டர் ‘இஸ்’ காட்ட வேண்டும். இருவர் வந்தால் ‘ஆர்’. வாக்கியத்தை வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்ல வேண்டும். பயணி வந்ததும் துண்டை எடுத்துவிட்டு ‘இட்’ அல்லது ‘தே’ என்று அடுத்த வாக்கியம். மூன்றாம் வகுப்பிலும் ஆடலாம். எட்டாம் வகுப்பில் ‘வாஸ்’, ‘வேர்’, ‘வில் பி’ அட்டைகளைச் சேர்த்தும் ஆடலாம். எழுதச் சிரமப்படும் பிள்ளையும் கண்டக்டராக நின்று சரியாகச் செய்துவிடும். அந்தப் பிள்ளைக்கு அன்று கிடைக்கும் கைதட்டல் முக்கியம்.

அடுத்ததாக, சுவரில் உள்ள சொற்பட்டியல். ‘தேர் – அங்கே’ என்ற வரியைக் கிழிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் இரண்டு வாக்கியங்களை எழுதி ஒட்டுங்கள். ஒன்று விரல் நீட்டும் வாக்கியம். மற்றொன்று துண்டு போடும் வாக்கியம். சொல்லுக்குச் சொல் பொருள் எழுதும் பழக்கம் பசு, மரம், பந்து போன்ற பெயர்களுக்கு ஓரளவு பொருந்தும். ‘தேர்’, ‘இட்’, ‘ஆஃப்’ போன்ற சின்னச் சொற்களுக்குப் பொருந்தாது. அவற்றின் பொருள் வாக்கியத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி அறியாமையால் வருவதல்ல. “கம் டு ஹியர்” என்று எழுதும் பிள்ளை ‘கு’ என்பதற்கு ‘டு’ என்று ஒரு விதியைத் தானாகவே உருவாக்கிக்கொண்டு, அதை இன்னும் நான்கு இடத்துக்கு நீட்டிப் பார்க்கிறது. “வாட்டர் இஸ் நாட் தேர்” என்று சொல்லும் பிள்ளை இருக்கிற சொற்களைக் கொண்டு தேவையைச் சொல்லிவிடப் பார்க்கிறது. இரண்டும் மூளை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சிரித்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும்; மூடிய வாயை மறுபடி திறக்க வைப்பது எந்த இலக்கணத்தைக் கற்பிப்பதையும்விடக் கடினம். “நீ தமிழ்ல என்ன நினைச்சே?” என்று முதலில் கேளுங்கள். பிழை எந்த இடத்தில் பிறந்தது என்று தெரிந்துவிடும். திருத்தமும் பெரும்பாலும் அந்தத் தமிழ் வாக்கியத்திலிருந்தே கிடைத்துவிடும்.

வரும் வாரம் உங்கள் வகுப்பில் “தேர் இஸ் எ ட்ரீ ஹியர்” என்று எழுதிப் போட்டு, என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை “அங்கேயா, இங்கேயா?” என்று கேட்டால், அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்விகளிலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.